மேடம் கேட்ட வீடு

மூன்றாவது தடவையும் கையெழுத்துப் போடாமலே போய்விட்டார், சுற்றுச்சூழல் அதிகாரி அம்மா. அவர் கையெழுத்து இல்லாமல் அடுத்த மாடிக்குக் கம்பி கட்ட முடியாது.

"மரம் நட்டாச்சு. கழிவுநீருக்குத் தொட்டி கட்டியாச்சு. மழைநீர்க் கால்வாய்ப் பக்கம் ஒரு செங்கல்கூட வைக்கல. இன்னும் என்னதான் வேணுமாம் அந்தம்மாவுக்கு?" இன்ஜினியருக்கு வாயெல்லாம் கசந்தது.

கட்டட முதலாளி அவனுக்கு மாமனார். லேசாகச் சிரித்தார்.

"வேணும்கிறத அவங்களா வாயத் தொறந்து சொல்வாங்களா மாப்ள? நாமதான் பக்குவமா கேக்கணும்."

மறுநாள் வானம் கறுத்துக்கொண்டு நின்றது. வந்த அம்மா, கட்டடத்தை விட்டுவிட்டுக் கால்வாய் ஓரமாகவே நடந்தார்.

கட்டக் கூடாத இடம், சும்மாதானே கிடக்கிறது என்று, வேலையாட்கள் குடும்பத்தோடு தங்க அந்தக் கால்வாயோரப் பள்ளத்தில்தான் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தான் இன்ஜினியர். ஒன்றில் தூளி ஆடிக்கொண்டிருந்தது.

"மேடம், மனசுல இருக்கிறதச் சொல்லுங்க. செஞ்சிடலாம்." குரலைத் தாழ்த்தினான்.

அவர் முதல் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"அங்க பூச்சு வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மேடம்."

"தண்ணி, விளக்கு?"

"எல்லாம் வருது."

"அப்ப அங்க எனக்கு வீடு வேணும்."

எதிர்பார்த்ததுதான். "எந்த வீடு மேடம்?"

"ஒரு வீடு எப்படிப் பத்தும்? மாடி முழுக்க."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தள்ளிப்போய் மாமனாருக்குப் போன் போட்டான்.

"அடேயப்பா, பெரிய வாய்தான்," என்றார் அவர். "குடுத்துத் தொலைங்க மாப்ள. வேலை நடக்கணுமே."

சாவிக்கொத்தை நீட்டினான். அந்த முகத்தைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"கால்வாய்ப் பாதையில எதுவும் இருக்கக் கூடாது, அதான் சட்டம். கொட்டகையப் பிரிங்கன்னு வந்த அன்னைக்கே எழுதியிருப்பேன் தம்பி. எழுதினா, தகரத்த லாரியில ஏத்திட்டு ஆளுங்கள ரோட்டுல விட்டுருவீங்க."

தகரத்தின் மேல் முதல் தூறல் விழுந்தது. நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றான் இன்ஜினியர்.

அவர் குனிந்து கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளையத் தூக்கிக்கம்மா. மழைக்காலம் முடியற வரைக்கும் உங்க எல்லாருக்கும் வீடு மேலதான். சாவி இந்தத் தம்பிகிட்ட இருக்கு."