மறியல் நாள் போட்டோ

“மொதல்ல அந்த வியாழக்கெழமை போட்டோவ எல்லாம் அழிச்சுடும்மா. ஒண்ணுகூட இருக்கக் கூடாது” என்று மகளின் காதோரம் குனிந்து சொன்னார் மாயவன். “தெரிஞ்சுச்சுன்னா நான் தொலைஞ்சேன்.”

அன்றைக்குத்தான் இட ஒதுக்கீடு கேட்டு உளுந்தூர்பேட்டை ரோட்டில் சாலை மறியல். மாயவனும் அதில் கைதாகி, சாயங்காலம் வரை ஒரு கல்யாண மண்டபத்தில் அடைபட்டுக் கிடந்துவிட்டுத்தான் களமருதூர் திரும்பினார். வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அபிநயாவுக்குப் போலீஸைப் பற்றிய கவலையெல்லாம் இல்லை. ஆன்லைன் வகுப்புக்கான புராஜெக்டை நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். கம்ப்யூட்டரோ இடமில்லை என்று சிவப்புக் கோடு காட்டி அடம்பிடித்தது. அப்பாவின் போன் நிறைந்துவிட்டதென்று போன வாரம் அதிலிருந்ததையெல்லாம் இதில் கொட்டியதன் பலன்.

காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ மட்டுமே ஆயிரத்துச் சொச்சம். யார் வீட்டு ஆட்டுக்குட்டியோ ஒன்று பத்துக் கோணத்தில் நின்றது. அப்பாவின் கட்டைவிரல் மட்டும் விழுந்த படங்கள் நாற்பது இருக்கும்.

அத்தனையையும் ஒழித்துவிட்டு வியாழக்கிழமைக்கு வந்தவள் கண்ணைச் சுருக்கினாள்.

“ஏம்ப்பா, போலீஸ்காரங்க வாழையெல போட்டா சோறு போட்டாங்க?”

“அது... நல்ல இன்ஸ்பெக்டரும்மா.”

“வடை, அப்பளம், பாயசம்! அட, மேடையில மணிமொழி அக்கா வேற மாலையும் கழுத்துமா உக்காந்துகினு இருக்குது. அதையுமா அரெஸ்ட் பண்ணாங்க?”

மாயவன் பதறிப்போய் மகளின் வாயைப் பொத்தினார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

மணிமொழி, அவருடைய தம்பி பழனியின் மகள். கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்று ஆரம்பித்த தகராறில் இரண்டு வருஷமாக இரு வீட்டுக்கும் பேச்சில்லை. கல்யாணப் பத்திரிகை மட்டும் ஆள் மூலமாக வந்தது.

வந்த அன்றே அவர் மனைவி ராஜாம்பாள் அடித்துச் சொல்லிவிட்டாள்: “அந்தக் கல்யாணத்துக்குப் போனீங்கன்னா, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்பறம் எத்தினி பேர் வந்து கூப்ட்டாலும் வரமாட்டேன்.” சொன்னால் செய்கிறவள். கல்யாணத்தன்று அவள் காலையிலேயே பஸ் ஏறி, மணலூர்பேட்டையில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போவதாகக் கிளம்பியதால்தான் மாயவனுக்கு அந்தத் துணிச்சலே வந்தது.

“தோள்ல போட்டு வளத்த பொண்ணும்மா. அவ கழுத்துல தாலி ஏறுறத நான் பாக்காம எப்பிடி இருப்பேன்? மாஸ்க்க மாட்டிகினு தூணுக்குப் பின்னால நின்னு பாத்துட்டு வந்துட்டேன்” என்றார்.

“நின்னு பாத்த சரி. பந்தியில உக்காந்து பாயசத்தப் போட்டோ புடிக்கச் சொன்னது யாரு?” என்றாள் அபிநயா.

“அப்பனும் பொண்ணும் இன்னா குசுகுசுன்னு பேசிகினு இருக்கீங்க?” என்று கேட்டபடி ராஜாம்பாள் முறத்தில் வேர்க்கடலையோடு வந்து உட்கார்ந்தாள். மாயவன் சட்டென்று தோளிலிருந்த துண்டை விரித்து, திரையைத் துடைப்பதுபோல் அவள் கண்ணில் படாமல் பிடித்துக்கொண்டார்.

“மறியல் நாள் போட்டோதாம்மா. அழிச்சுடச் சொல்லுது அப்பா.”

“பின்ன? கேசு கீசுன்னு வந்துச்சுன்னா யாரு அலையறது?” மாயவனுக்கு வீரம் வந்துவிட்டது. “அன்னிக்கி இன்னா கூட்டம்ன்ற! எங்கள வேன்ல ஏத்தின அப்பறம்கூட, பொழுது சாயுற வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு பஸ் நகரல.”

“சரி சரி, முடிஞ்ச கதையெல்லாம் இப்ப எதுக்கு? சட்டுபுட்டுனு அழிச்சுட்டுப் படிக்கிற வேலையப் பாருடி” என்றாள் ராஜாம்பாள், கடலையை உரித்துக்கொண்டே. தப்பித்தோம் என்று மாயவன் மூச்சுவிட்டார்.

வாழையிலை போயிற்று. பாயசம் போயிற்று. புராஜெக்டும் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் ஒரே ஒரு படம் பாக்கி. தாலி ஏறிய கையோடு மணிமொழி நிமிர்ந்து சிரிக்கிற படம்.

நிரந்தரமாக அழித்துவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அபிநயாவின் விரல் நகர்வதற்குள் மாயவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது வேணாம்மா.”

“அப்பா... அம்மா இருக்குது.”

“இருக்கட்டும்.” அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். “ராஜாம்பா, நான் மறியலுக்கே போவல. மணிமொழி கல்யாணத்துக்குத்தான் போனேன். பொய் சொன்னது தப்புதான், நீ இன்னா பண்ணணுமோ பண்ணிக்க. இந்த ஒரு போட்டோவ மட்டும் அழிக்க எனக்கு மனசு வரல.”

ராஜாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். அம்மா இப்போது பெட்டியை எடுக்கப்போகிறாள் என்றே நினைத்தாள் அபிநயா.

ராஜாம்பாள் எழுந்து வந்தாள். திரைக்கு முன்னால் குனிந்து அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னாள்:

“அழிச்சுடாதடி. நான் புடிச்ச போட்டோவுல பொண்ணு கண்ண மூடிகினு இருக்குது.”