கப்பலில் வரும் கண்ணாடி

"வெளிநாட்டு வண்டி. ரிப்பேரானா யாரு அத்தான் பாக்கது?" நாகர்கோவிலிலிருந்து கார் வாங்க வந்த லிங்கம் திருவனந்தபுரம் ஷோரூமில் நின்று தயங்கினான்.

அக்காள் கணவர் ராஜமணி சிரித்தார். "நான் வாங்கி ஆறு மாசமாச்சு மாப்ளே. எஞ்சின்ல ஒரு தொந்தரவு கிடையாது. டயர் இன்னும் புத்தம் புதுசு."

"பெட்ரோல்?"

"குடிக்கவே குடிக்காது."

"சர்வீஸ்?"

"பெத்த பிள்ளை மாதிரி வச்சுப் பாத்துக்கிடுதாங்க."

லிங்கம் அங்கேயே முழுப் பணத்தையும் கட்டிவிட்டு பஸ் ஏறப் போனான்.

அவன் தலை மறைந்ததும் ராஜமணி மேனேஜர் ஷைஜுவிடம் பாய்ந்தார். "சொன்னபடி ஆளைக் கொண்டு வந்துட்டேன். வண்டி எடுத்த அன்னைக்கே பழவங்காடி பிள்ளையார் கோயில்ல பூஜை போட்டோம். எவனோ எறிஞ்ச தேங்கா முன்கண்ணாடியில விழுந்துச்சு. அன்னையிலருந்து வண்டி உங்க ஷெட்டுலதான் கிடக்கு. கண்ணாடி எப்ப வரும்வே?"

"கண்ணாடி மட்டும் தனியா கப்பல்ல வராது அண்ணாச்சி. வண்டியோடதான் வரும். உங்க மச்சினன் வண்டி வந்ததும் அதுலருந்து கழட்டி உங்களுக்கு மாட்டித் தரும், கேட்டோ."

"அப்போ அவன் வண்டிக்கு?"

ஷைஜு நிதானமாகச் சொன்னான்: "அவருக்கும் ஒரு மச்சினன் உண்டல்லோ?"