ஒரே நாளில் முப்பது நாள்

"மாமா, இப்படி மூச்சு வாங்காதீங்க. படத்துல தெரியுது."

"உசுரோட இருக்கறவன் மூச்சு வாங்கத்தான் செய்வான். நீ எடு, பொண்ணே."

நஸ்லி கேமராவை இறக்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். சீ பாயிண்ட் கடற்கரையில் காலைப் பனி இன்னும் கலையவில்லை. கடல் எந்தப் பக்கம் என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. தூரத்தில், மூடுபனிக்கு ஊதும் சங்கு மாடு மாதிரி கத்தியது.

"இங்க பனி பத்தாது. கலங்கரை விளக்கத்துக்கிட்டதான் அடர்த்தி. வாங்க."

"அது ரெண்டு கிலோமீட்டருக்கு மேல! கார்ல போயிடலாமே."

"கார் சூட்டுல லென்ஸ்ல ஆவி படிஞ்சிடும், மாமா."

சாலிக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கூசிஸ்டர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகில் ஊறி, தேங்காய்ப்பூவில் புரண்டு, சூடாக வரும் பணியாரம். அவர் மனைவி மைமூனா பேரனைப் பார்க்க டர்பன் நகரத்துக்குக் கிளம்பும்போது தெளிவாகச் சொல்லியிருந்தாள். டாக்டர் சொன்னபடி தினமும் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். நடக்கிற படம் தினமும் அவள் போனுக்கு வர வேண்டும். அவள் இல்லாத ஒரு மாதத்தில் ஒரு நாள் நடக்காவிட்டாலும் ஆயுசுக்கும் கூசிஸ்டர் கிடையாது. தெருவில் கூசிஸ்டர் சுடும் நான்கு வீடுகளிலும் சொல்லிவைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

தினமும் நடப்பதா? சாலி ஒரு திட்டம் போட்டார். பத்துச் சட்டை, மூன்று தொப்பி. பெருக்கினால் முப்பது நாள். எல்லாப் படத்தையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு, சோபாவில் படுத்தபடி தினம் ஒன்றாக அனுப்பிவிடலாம். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் நஸ்லியைப் பிடித்தார். யோசிக்க ஒரு நாள் கேட்டவள், மறுநாள் சிரித்த முகத்தோடு ஒப்புக்கொண்டாள்.

பனியில் நாலு நாள் படம் முடிந்தது. திடீரென்று வெயில் வந்தது.

"துறைமுகத்துல தண்ணி மின்னும் மாமா, ஓடுங்க!"

"ஓடறதா?"

"வெளிச்சம் உங்களுக்காக நிக்குமா?"

துறைமுகத்தில் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு காவலர் வந்தார்.

"ஐயா, இங்க மூணு பேரு நின்னு துணி மாத்தறதா புகார் வந்திருக்கு. யாரையாவது பார்த்தீங்களா?"

"மூணு பேரும் நான்தான்," என்றார் சாலி.

அங்கிருந்து நகரத் தெருக்கள். அப்புறம் மலைச்சரிவில் வண்ண வண்ண வீடுகள் நிற்கும் போ-காப். அங்கே ஒவ்வொரு சந்தும் ஏணி மாதிரி நிமிர்ந்து நின்றது. பகல் பன்னிரண்டு மணியை அறிவிக்கும் பீரங்கி மலையில் வெடித்தபோது, தன் நெஞ்சுதான் வெடித்துவிட்டது என்று நினைத்தார் சாலி.

"நீலச் சட்டைக்கு நீல வீடு எடுக்காது. மேல மஞ்சள் வீடு இருக்கு, ஏறுங்க."

"சட்டையை மாத்திக்கறேனே!"

"அது பத்தொன்பதாம் நாள் சட்டை. குழப்பாதீங்க. வயித்தை உள்ள இழுங்க. முதல் நாளும் பத்தொன்பதாம் நாளும் ஒரே வயிறா இருந்தா மாமி நம்புவாங்களா?"

சாலி வயிற்றை இழுத்துக்கொண்டு ஏறினார். தூறல் வந்தது. குடையோடு ஆறு நாள் எடுத்தார்கள். ஈரத் தெருவில் வீடுகள் தலைகீழாகத் தெரிய வேண்டும் என்று, இறங்கி ஒரு தடவை, ஏறி ஒரு தடவை.

"கடைசி மூணு நாளும் அந்தி வெளிச்சம், மாமா. சூரியன் கடல்ல இறங்கணும். சீ பாயிண்ட்தான்."

"வந்த வழியெல்லாம் திரும்பியா?"

"உங்க கார் அங்கதானே நிக்குது?"

சாலி சட்டைகள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

சூரியன் கடலைத் தொட்டபோது முப்பதாம் நாளும் முடிந்தது. சாலி பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். நஸ்லி கேமராவில் எதையோ அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். அவள் முகம் சுருங்கியது.

"மாமா... கார்டு போட மறந்துட்டேன்."

"என்ன கார்டு?"

"படம் பதியற கார்டு. ஒரு படம்கூட இல்ல."

திட்டக்கூடத் தெம்பு இல்லை. சாலி பையின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

"நாளைக்குக் காலைல ஆறரைக்கு வந்துடுங்க, மாமா. நாளைக்கும் பனி இருக்குமாம்."

கூசிஸ்டரை நினைத்து அவர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்தபோது போன் அடித்தது. மைமூனா.

"என்னங்க, இன்னிக்குப் படம் வரலையே?"

"படம் எடுக்க மறந்துட்டேன், மைமூனா. ஆனா நடந்தேன். அல்லா மேல ஆணையா நடந்தேன்." கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் இவ்வளவு நிஜமாக அவர் எதையும் சொன்னதில்லை. அவள் நம்பப்போவதில்லை என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"நம்பறேங்க."

சாலி கண்ணைத் திறந்தார்.

"சீ பாயிண்ட்ல இருந்து போ-காப் உச்சி வரைக்கும் போய்த் திரும்பினா பதினாலு கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை ரெண்டு கூசிஸ்டர் தரச் சொல்லிட்டேன். இப்போ சீக்கிரம் படுங்க. நாளைக்கு நஸ்லி கேமராவுல பேட்டரி தீரப்போகுது, நாளன்னிக்கு லென்ஸ் கீழ விழுந்து உடையப்போகுது."