டிரைவ் பயன்பாட்டில் உள்ளது

அக்கா இறந்த பிறகு அவளுடைய லேப்டாப்பும் உயிர்பெறவில்லை. கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றில் பொருத்திக் கொடுத்தார்.

"பென்டிரைவ் மாதிரி சொருகுங்க. எடுக்கும்போது மட்டும் வெடுக்குன்னு பிடுங்கிடாதீங்க. எடுக்கலாம்னு அதுவே சொல்லும்."

என் கம்ப்யூட்டரில் சொருகினேன். பெட்டியில் நீல விளக்கு எரிந்தது. எனக்கென்று ஒரு கடிதம் இருந்தது, அவள் இறந்த அன்று எழுதியது.

'இன்னிக்கும் நீ போனை எடுக்கல. பரவாயில்லடி. எனக்குக் கோபமில்ல.'

வாய்விட்டு அழுதேன். பிறகு கடிதத்தை மூடி, டிரைவை வெளியேற்றும் பொத்தானை அழுத்தினேன். 'டிரைவ் பயன்பாட்டில் உள்ளது' என்று கம்ப்யூட்டர் மறுத்தது. மூன்று தடவை அழுத்தியும் அதே பதில்தான்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"வேற யாரோ ஃபைலைத் திறந்து வெச்சிருக்காங்க. மூடச் சொல்லுங்க."

"வீட்ல நான் மட்டும்தாங்க இருக்கேன்."

கடிதத்தை மறுபடி திறந்தேன். 'எனக்குக் கோபமில்ல' என்பதைக் காணவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'பரவாயில்லடி'யும் ஒவ்வோர் எழுத்தாக அழிந்தது. முதல் வரி மட்டும் மிஞ்சியது.

கேபிளை வெடுக்கென்று பிடுங்கினேன்.

நீல விளக்கு அணையவில்லை. அக்கா டைப் அடிக்கும் வேகத்தில் சிமிட்டிக்கொண்டே இருந்தது.