கடல் பார்க்கும் சுவர்

"உங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைகள் உள்ளே உக்காருதா, வெளியே உக்காருதா?"

பள்ளி ஆய்வாளர் வெள்ளத்துரை கேட்டதும் அறை முழுக்கச் சிரித்தது.

தூத்துக்குடியில் புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பணியிடைப் பயிற்சி. 1975ஆம் வருடம். இருபத்து நான்கு பேர் உட்கார்ந்திருக்க, ஏசுவடியான் மட்டும் எழுந்து நின்றிருந்தார். திரேஸ்புரத்துக்கு வடக்கே, கடலோரக் கிராமம் ஒன்றின் பள்ளி ஆசிரியர்.

வெள்ளத்துரை மற்றவர்களிடம் விளக்கினார். வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு இரண்டு மூட்டை சிப்பிச் சுண்ணாம்பு வருகிறது. அதை இவர் கடலைப் பார்த்த வெளிச்சுவருக்கே அடித்துவிடுகிறார். வகுப்பறைச் சுவர்கள் கறுத்து உதிர்கின்றன. மூன்று வருடத்துக்கு முன், இவர் அங்கே புதிதாகச் சேர்ந்த சமயம், சுண்ணாம்பை உள்ளேதான் அடிக்க வேண்டும் என்று வெள்ளத்துரையே நேரில் போய் உத்தரவு போட்டார். அந்த ஒரு வருடம் ஏசுவடியான் கேட்டார். மறு வருடம் பழையபடி வெளிச்சுவர்.

"உங்க சுவரைக் கடலா வந்து பார்க்கப் போகுது?"

"கப்பல்காரன் பொண்ணு பாக்க வாரானாம் ஐயா, அதான் வெள்ளையடிச்சு வச்சிருக்காரு" என்றார் சாத்தான்குளம் ஜீவமணி. மறுபடி சிரிப்பு.

வெள்ளத்துரை சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் ஏசுவடியான் பெயர் இருந்தது. 'உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவர்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அது போய்விடும். எழுதிய தாள் சட்டைப் பையில் இருப்பதாக அவரே சொன்னார். நாளைக்குள் நியாயமான காரணம் ஒன்று சொன்னால் கிழித்துப் போட்டுவிடுவார்.

"சொல்லுங்க, ஏன் வெளியே அடிக்கீங்க?"

ஏசுவடியான் வாயைத் திறந்தார். ஆய்வாளர் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

"அடிக்கணும், ஐயா. அவ்வளவுதான்."

மறுநாள் விடியுமுன் மூன்று வள்ளங்களில் கடலுக்குப் போனார்கள். ஒரு காலத்தில் முத்துக் குளித்த பார்களை, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளை, காட்டுவது பயிற்சியில் ஒரு பகுதி. திரும்பும்போது ஏசுவடியானின் ஊரில் இறங்கி, அந்தச் சுவரை எல்லாரும் பார்க்கட்டும் என்று வெள்ளத்துரை ஏற்பாடு செய்திருந்தார். அவர் வள்ளத்தில் ஜீவமணியும் ஆறு பேரும். சுக்கான் அந்த ஊர் மீனவன் பாஸ்கல் கையில். ஏசுவடியான் பின்னால் வரும் வள்ளத்தில்.

கரை நெருங்கும்போது தண்ணீரின் நிறம் மாறியது. நீலம் பச்சையாகி, பச்சை கறுப்பாயிற்று.

"யாரும் அசையாதீங்க" என்றான் பாஸ்கல்.

இரண்டு பக்கமும் தண்ணீருக்கு ஒரு முழம் கீழே பாறை. கைவிட்டால் தொடலாம். அலை தாழும்போது அதன் முதுகு கறுத்து எழும்பியது, ஏறும்போது மறைந்தது. முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போனது. கரும்பலகையில் ஒரே கோடாக இழுத்துவிடுகிற கடற்கரை இப்படி இருக்கும் என்று வள்ளத்தில் இருந்த ஒருவரும் நினைத்ததில்லை. ஜீவமணி இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளத்துரை மெதுவாகக் கேட்டார். "எதைப் பார்த்து ஓட்டுதே?"

"அந்தா, வெள்ளையா ஒரு சுவரு தெரியுதா ஐயா? அதுக்கு நேர் மேல கோயில் குருசு. ரெண்டும் ஒண்ணா நின்னா வழி. விலகுனா கல்லு."

கரை முழுவதும் மங்கிய ஒரு பட்டையாகக் கிடந்தது. அதில் நகத்தளவுக்கு ஒரு வெள்ளை, காலை வெயில் பட்டு எரிந்துகொண்டிருந்தது; அதன் தலைக்கு மேல் மெல்லிய சிலுவை.

அது எந்தச் சுவர் என்று வெள்ளத்துரைக்குத் தெரிந்தது.

"அது இல்லாட்டா?"

"ஒரு வருசம் இல்லாமப் போச்சு." பாஸ்கல் கண்ணை எடுக்காமலே பேசினான். "மூணு வருசம் ஆகுது. அடிக்கிற நாள் தள்ளிப் போகுதுன்னு நெனச்சோம். மாசிப் பனி. வெளுக்கிற நேரத்துல எங்க அண்ணன் இஞ்ஞாசி வந்தான். சுவரும் பனையும் ஒண்ணாக் கறுத்துக் கிடந்திருக்கு." தாடையால் இடப்பக்கத்துப் பாறையைக் காட்டினான். "இங்கனதான் மோதுனான். கரை சேரல."

பாஸ்கல் சுக்கானை லேசாகத் திருப்பினான்.

"வாத்தியாரு சுண்ணாம்ப உள்ளுக்க அடிச்சிட்டாரு. ஊரே போயி நின்னோம். யாரு அடிக்கச் சொன்னா, பேரச் சொல்லுமுன்னு கேட்டோம். அண்ணன் பொஞ்சாதி மெட்டில்டா மதினி முன்னால வாத்தியாரு வந்து நின்னு, 'யாரும் சொல்லல, நானாத்தான் செஞ்சேன்'ன்னு அழுதாரு. புதுசா வந்த மனுசன், தெரியாமச் செஞ்சது. என்ன செய்ய? இப்ப வருசா வருசம் அவரே ஏணி போட்டு ஏறி அடிக்காரு. மதினிதான் சுண்ணாம்பு கரைச்சுக் கொடுக்குது."

வெள்ளத்துரை திரும்பிப் பார்த்தார். பின்னால் அடுத்த வள்ளம் அதே கோட்டில் வந்துகொண்டிருந்தது. அதன் முன்புறத்தில் நின்றிருந்த ஏசுவடியான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் இருந்த தாளை வெள்ளத்துரையின் கை கசக்கியது. பாறை இன்னும் இரண்டு பக்கமும் இருந்தது.

"பாஸ்கல், அவரு சொன்னது பொய். உள்ளே அடிக்கச் சொன்னது நான்."

பாஸ்கலின் கை சுக்கானில் இறுகியது. கண் சுவரை விட்டு அசையவில்லை.

"இங்கன வச்சுச் சொல்லாதீங்க, ஐயா. கரையில மதினி நிக்கும். அதுகிட்டச் சொல்லுங்க."