பிரேக்கையும் பார்த்துவிடலாம்

பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தவர், போனட் திறக்கும் சத்தம் கேட்டு எழுந்தார்.

கண்ணாடிக்கு அப்பால் மனைவி கோமளம். பக்கத்தில் மெக்கானிக் அப்பாஸ், கையில் புது பேட்டரியோடு.

"எறங்குங்க," என்றாள் கோமளம். "வண்டி எடுக்கோணும்."

வெளிநாடு போன மகன் ஷெட்டில் விட்டுப்போன கார் அது. அவருக்கு ஓட்டத் தெரியாது. உட்காரத் தெரியும்.

பஞ்சாலை இரைச்சலிலேயே உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே கோமளம் கூடத்தில் தையல் வகுப்பு தொடங்கினாள். கூடம் முழுக்க மெஷின்கள். மெஷின்களை மிஞ்சிப் பெண்கள் பேசினார்கள்.

காரின் கதவைச் சாத்தினால் அத்தனையும் அடங்கிவிடும்.

ஒரு தலையணை. செய்தித்தாள். செம்பில் தண்ணீர். ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

கோமளத்துக்கு வேண்டியிருந்தது. ஆனைமலையில் ஒரு மகளிர் குழு அவளை வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருந்தது. துணி மூட்டையோடு பஸ்ஸில் போய்வர முடியாது. யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸும் வாங்கிவிட்டாள்.

அப்பாஸ் பேட்டரியை மாட்டிவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினார்.

"பெட்ரோல்?" என்றார் பின்சீட்டிலிருந்து இறங்கியவர்.

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னார்.

"வருசக்கணக்காக் கெடந்த பெட்ரோல். அதுல ஓட்டுனா இஞ்சின் என்னத்துக்கு ஆகும்?"

அப்பாஸ் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். வார்னிஷ் வாடை.

பழையதை வடித்து டேங்கைக் கழுவ வேண்டும், நாளைதான் முடியும் என்றார்.

அன்று மதியம் அவர் பின்சீட்டில் நன்றாகத் தூங்கினார்.

அடுத்து டயர்கள். காற்றடித்ததும் கும்மென்று நின்றன. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஓரங்களில் வெடிப்பு இருந்தது. இல்லாவிட்டாலும் இருப்பதாகச் சொல்லியிருப்பார்.

புது டயர் வரும்வரை இன்னும் சில தூக்கங்கள்.

பிறகு எலி கடித்த வயர்கள். ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடு. கூட்டுக்குள், தையல் வகுப்பில் காணாமல் போன பச்சை லேஸ். அதற்காக ஒரு பெண்ணைக் கோமளம் சந்தேகப்பட்டிருந்தாள்.

அன்று அந்தப் பெண்ணுக்கு மட்டும் இரண்டு வடை.

ஒருநாள் இஞ்சின் இருமியது. புகை கக்கியது. பிறகு சீராக ஓடத் தொடங்கியது. பெண்கள் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். கோமளம் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

அவர் போய் வண்டிக்குக் குறுக்கே நின்றார்.

"பிரேக்கையும் பாத்துப்போடலாம்."

"மிதிச்சுப் பாத்தேனுங்க, நல்லாப் புடிக்குது," என்றார் அப்பாஸ்.

"சக்கரத்தைக் கழட்டிப் பாரப்பா."

கோமளம் இஞ்சினை அணைத்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

பின்சக்கரம் கழன்றது. உள்ளே பிரேக் ஆயில் கசிந்து எல்லாம் ஊறிக் கிடந்தது.

அப்பாஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

நிஜமாகவே கோளாறு இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அன்று மதியம் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

பிரேக்கில் தேய்ந்ததையெல்லாம் மாற்றினார்கள். முதல் ஓட்டத்துக்குக் கோமளம் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

பாலத்துச் சரிவில் வண்டி வேகம் பிடித்தது. சந்திலிருந்து ஒரு டிராக்டர் தென்னை மட்டைகளோடு குறுக்கே வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கோமளம் மிதித்தாள்.

கார் நின்றது.

டிராக்டரிலிருந்து மட்டை ஒன்று சரிந்து போனட்டின்மேல் விழுந்தது. அவ்வளவுதான்.

டிராக்டர் போன பிறகும் அவள் கியர் போடவில்லை.

"எம்மேல இத்தனை அக்கறையா இருக்கறீங்கன்னு தெரியாமப் போச்சுங்க," என்றாள்.

அவர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

பிறகு, மட்டையை எடுத்துப்போட இறங்கினார்.

திங்கட்கிழமை கோமளம் ஆனைமலைக்குப் போனாள். அவள் இல்லாத வீட்டில் மெஷின்கள் இன்னும் உற்சாகமாக ஓடின. அவர் காலி ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான்கு பக்கமிருந்தும் சத்தம் வந்தது. நாற்காலியை மடக்கினார்.

கேட்டருகே எதிர்வீட்டு வசந்தாமணி நின்றிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய கோலம்.

"மாமா, எங்க காரும் ரொம்ப நாளாச் சும்மா நிக்குதுங்க. நீங்க பாத்துச் சொன்னாத்தான் எடுக்கோணும்னு கோமளம் அக்கா கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க."

அவர் அவள் பின்னால் போனார்.

மாமரத்தடியில் அகலமான கார். அவள் உறையை விலக்கினாள். பின்கதவைத் திறந்து அவர் உள்ளே உட்கார்ந்தார். சீட் மெதுவாக அமிழ்ந்து அவரை வாங்கிக்கொண்டது.

கதவைச் சாத்தினார்.

மைனாக்களின் கத்தல் நின்றது. தெருவே நின்றது.

கண்ணாடிக்கு அப்பால் வசந்தாமணியின் வாய் அசைவது தெரிந்தது. அவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"கேட்டனுங்க மாமா, சீக்கிரம் ஆயிருமுங்களா?"

அவர் மேற்கூரையைப் பார்த்தார். கால் வைக்கும் இடத்தைப் பார்த்தார். சாய்ந்தும் பார்த்தார்.

"அவசரப்படக் கூடாதும்மா," என்றார். "நாள் புடிக்கும்."