மொட்டை மாடி பிளக் பாயின்ட்

அமெரிக்காவின் டூசான் நகரில் மொட்டை மாடி ஏசிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தே ஆகவேண்டும், ரிப்பேருக்கு வருகிறவர்களுக்காக. அதைச் சோதிக்கும் நகராட்சி அதிகாரி நான். வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்தில் ஒரு மாடியைக்கூட பாஸ் போடவில்லை. அவ்வளவு கறார்!

"இன்னிக்கும் கரண்ட் இல்ல. ஃபெயில்!" என்று டெஸ்டரைப் பிடுங்கினேன்.

ஓட்டல்காரி டெல்ஃபினாவின் முகம் சிவந்தது. "தம்பி, போன தடவை நீங்க சொன்னீங்கன்னுதான் புதுசு மாட்டினோம். காலையில அதுலதான் டிரில் ஓடிச்சு. நாளைக்குக் கடை திறப்பு. நீங்க பாஸ் போடாம ஏசியை ஓட்ட முடியாது. ஏசி இல்லன்னா டாக்கோ சாப்பிட வர்றவங்களே வெந்துடுவாங்க!"

"உயிர் சமாச்சாரம்மா." எனக்குப் பாடம் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. "இந்தக் குட்டிப் பொத்தானைப் பாருங்க. இதை அமுக்கினா டக்குன்னு கரண்ட் கட்டாகணும். அப்பத்தான் ஷாக் அடிச்சாலும் அது நம்மைக் காப்பாத்தும்."

"நீங்க அமுக்கிப் பாத்தீங்களா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க போனாலும் முதல்ல அதை அமுக்கிட்டுத்தான் டெஸ்டரையே கையில எடுப்பேன்."

அவள் பொத்தானைப் பார்த்தாள். டெஸ்டரைப் பார்த்தாள். பிறகு என்னையே பார்த்தாள்.

"அப்ப கரண்ட்டைக் கட் பண்ணினது யாரு தம்பி?"

பக்கத்திலிருந்த இன்னொரு பொத்தானை மெதுவாக அமுக்கி, டெஸ்டரைச் செருகினேன். பளிச்சென்று எரிந்தது.

"பாஸ்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"பாயின்ட்டு பாஸு. நீங்க?"

தலையைத் திருப்பிக்கொண்டேன். எதிர் மாடியில் ஒருவர், நான் ஃபெயில் போட்ட பிளக் பாயின்ட்டை மும்முரமாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.